பால்மரக் காட்டைத் தேடி வந்த கதாசிரியர்



சென்ற தவணையில் ஒருநாள் வாசிப்பு நேரத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "டீச்சர், கதைப் புத்தகத்தில ராஜா வராரு, ராணி வராங்க, டாக்டர் வராரு. நம்ம தாத்தா பாட்டி மாதிரி தோட்டத்தில வேலை செஞ்சவங்க ஏன் வரமாட்டேங்கிறாங்க?"

எட்டாவது மணி அடிக்கும் நேரம். அவசரமாக ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வருகிறார்களே! அவளுடைய தாத்தாவும் பாட்டியும் கதையில் வந்திருக்கிறார்களே! அந்தப் புத்தகத்தின் பெயரை நான் ஏன் அந்தப் பிள்ளைக்குச் சொல்லவில்லை? அன்று சொல்லாமல் விட்டதை இன்று உங்களிடம் சொல்லிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

அந்தப் புத்தகத்தின் பெயர் 'பால்மரக் காட்டினிலே'. எழுதியவர் அகிலன்.

தபால் வண்டியில் ஓர் எழுத்தாளர்

அகிலனின் முழுப்பெயர் அகிலாண்டம். புதுக்கோட்டைச் சீமையில் பெருங்களூர் என்னும் ஊரில் 1922 ஜூன் 27இல் பிறந்தவர். காந்தியடிகளின் கொள்கையில் பற்றுக்கொண்டு வளர்ந்தார். பிழைப்புக்கு அவர் சேர்ந்த வேலை இரயில்வே தபால் பிரிவில். ஆர்.எம்.எஸ். என்று சொல்வார்கள்.

கெமாஸ்வாசிகளான நமக்கு இந்த வேலையைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. நம் ஊரே இரயிலால் ஆன ஊர். சிங்கப்பூரிலிருந்து வரும் பாதை இங்கேதான் இரண்டாகப் பிரிந்து, ஒன்று மேற்கே கோலாலம்பூருக்கும் மற்றொன்று காட்டைக் கிழித்துக்கொண்டு கிழக்கே தும்பாட்டுக்கும் போகிறது. 2013இல் சிரம்பானிலிருந்து இரட்டைத் தண்டவாளம் வந்து சேர்ந்து புதிய நிலையமும் எழும்பிவிட்டது. ஆனாலும் அந்தக் காலத்து இராத்திரி மெயில் வண்டியின் ஊதல் சத்தம் நம் பெரியவர்களின் காதில் இன்னும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட ஒரு மெயில் வண்டியை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பயணிகள் எல்லாரும் உறங்குகிறார்கள். தபால் பெட்டியில் மட்டும் விளக்கு எரிகிறது. ஆடும் வண்டியில் நின்றபடியே கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்து அறைகளில் போடுகிறார்கள். ஊர் வந்ததும் பையைக் கட்டி இறக்குகிறார்கள். இதுதான் ஆர்.எம்.எஸ். வேலை. பல்லாயிரம் பேருடைய நல்லது கெட்டது எல்லாம் கைவழியே கடந்து போகும். இந்த வேலையைச் செய்துகொண்டே எழுதியவர் அகிலன். பின்னாளில் அதை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளரானார். அதன்பின் சென்னை வானொலி நிலையத்திலும் பணியாற்றினார். 1988 ஜனவரி 31இல் காலமானார்.

அவர் எழுதியவை ஒன்றா, இரண்டா! நாவல்கள், ஏறக்குறைய இருநூறு சிறுகதைகள், நாடகம், சிறுவர் நூல்கள், கட்டுரைகள், பயண நூல்கள், சொந்த வாழ்க்கையைச் சொல்லும் 'எழுத்தும் வாழ்க்கையும்' என்று ஓர் அலமாரியே நிறையும். அத்தனையையும் இங்கே அடுக்கினால் உங்களுக்குச் சலிப்புத் தட்டும். நம் தோட்டத்துக் குடும்பங்களுக்கு எவை எவை உறவு என்று மட்டும் பார்ப்போம்.

கடாரம் வென்ற கதை

'வேங்கையின் மைந்தன்' என்பது அகிலனுக்கு 1963இல் சாகித்திய அக்காதெமிப் பரிசை வாங்கித் தந்த சரித்திர நாவல். வேங்கை என்பது இராஜராஜ சோழன். மைந்தன் என்பது இராஜேந்திரன். கொடும்பாளூர் இளவரசன் இளங்கோவின் வீரமும் காதலும் கதையை நடத்திச் செல்கின்றன. இக்கதையைச் சிவாஜி கணேசனின் நாடக மன்றம் மேடையிலும் ஏற்றியது.

இதில் நமக்கு என்ன உறவு என்கிறீர்களா? 1025ஆம் ஆண்டளவில் அந்த இராஜேந்திரனின் கப்பல்கள் வந்து சேர்ந்த கடாரம் எது? நம் கெடா மாநிலந்தான்! பூஜாங் பள்ளத்தாக்கில் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த பழைய கோயில்களின் அடித்தளங்களைப் பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகள் பார்த்து வருகிறார்கள். பார்த்து வந்த பிள்ளைக்கு இந்த நாவலைக் கொடுத்துப் பாருங்கள். கல்லாகத் தெரிந்தது கதையாகத் தெரியும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சரித்திர நாவல் சரித்திரமாகாது. மன்னன் பெயரும் போரும் உண்மை. காதலும் பேச்சும் ஆசிரியரின் கற்பனை. இந்த வேறுபாட்டையும் பிள்ளைக்குச் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பது பெற்றோர் கடமை. நாம் ஒருகாலத்தில் படை நடத்தி வந்தோம் என்று மார்தட்டுவதற்காக இதைப் படிக்க வேண்டியதில்லை. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே போக்குவரத்து இருந்தது என்று தெரிந்துகொண்டால் போதும்.

நேதாஜியின் காலம்

அடுத்தது 'நெஞ்சின் அலைகள்'. இந்திய விடுதலைப் போராட்டமும் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவமும் இதன் பின்னணி.

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து இறங்கிய செய்தி மலாயாத் தோட்டங்களை எப்படி உலுக்கியது என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பால்வாளி தூக்கிய கைகள் துப்பாக்கி தூக்கின. தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். அதே காலத்தில்தான் சயாம் மரண இரயில் பாதைக்கும் நம்மவரை லாரி லாரியாக ஏற்றிப் போனார்கள். போனவரில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. 1942 ஜனவரியில் நம் கெமாஸுக்கு அருகே கெமென்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் ஜப்பானியரை மறைந்திருந்து தாக்கிய சண்டையும் நடந்தது. போர் நம் வீட்டு வாசல்வரை வந்த காலம் அது.

அந்தக் காலத்தைத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து காட்டுகிறார் அகிலன். நம் பக்கத்தைச் சொல்ல நம் எழுத்தாளர்களே பின்னாளில் முன்வந்தார்கள். ஆர்.சண்முகத்தின் 'சயாம் மரண இரயில்', அ.ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகியவற்றை அகிலனோடு சேர்த்துப் படித்தால் படம் முழுமையாகும்.

அத்தை படித்த கதை

இனி என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் அத்தை, புருஷன் வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு பாட்டி வீட்டுக்கு வந்துவிட்டார். ஏன் வந்தார் என்பது அவருடைய இடக்கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் லயத்தில் பேச்சு ஓயவில்லை. "அடிச்சாலும் புடிச்சாலும் புருஷன்தானே, பொம்பளைதான் பொறுத்துப் போகணும்" என்று தண்ணீர்க் குழாயடியில் பேசுவது எங்கள் வீட்டுக்கே கேட்கும். அத்தை ஒரு வார்த்தை பேசமாட்டார். விடியற்காலையில் பிரட்டுக்குப் போவார், மரம் வெட்டுவார், பால் நிறுத்துவிட்டு வருவார்.

அத்தைக்கு ஒரு பழக்கம். சாயங்காலம் குளித்து முடித்ததும் ஐந்தடியில் உட்கார்ந்து புத்தகத்தை வாய்விட்டுப் படிப்பார். படிக்கத் தெரியாத பாட்டிக்காகத்தான் அதைத் தொடங்கினார். நாளாக ஆக, பேச்சுப் பேசிய பெண்களே ஒவ்வொருவராகக் கதை கேட்க வந்து உட்கார்ந்தார்கள். கதைக்கு அப்படி ஒரு வலிமை உண்டு.

அப்படி அத்தை படித்த புத்தகங்களுள் ஒன்று 'சித்திரப்பாவை'. முதலில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தது. அண்ணாமலை என்னும் ஓவியன். அவன் மனத்தில் இடம் பிடித்த ஆனந்தி. குறுக்கே வந்த மாணிக்கம், அவள் விருப்பம் இல்லாமல் அவளை முத்தமிட்டு விடுகிறான். "தொட்டவனுக்குத்தான் வாழ்க்கைப்பட வேண்டும்" என்று ஊரும் உலகமும் அவளுக்குள் ஊட்டி வைத்திருந்த எண்ணம் அவளை மாணிக்கத்துக்கே மனைவியாக்குகிறது. அந்த வாழ்க்கை நரகமாகிறது. முடிவில் ஆனந்தி தாலியைக் கழற்றிவிட்டு வெளியேறுகிறாள்.

அந்தக் கடைசிப் பகுதியைப் படித்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அத்தையின் குரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஒருவரும் பேசவில்லை. குழாயடியில் அதிகம் பேசியவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி. அவர்தான் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "அந்தப் புள்ள செஞ்சது சரிதான். இன்னும் முன்னாடியே செஞ்சிருக்கணும்." அத்தை புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு குழாயடியில் எங்கள் வீட்டைப் பற்றிய பேச்சு நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன், குறைந்தது. ஆயாக் கொட்டகையில் அத்தையின் சின்னப் பிள்ளைக்கு அந்தப் பாட்டி வீட்டிலிருந்து தினமும் பலகாரம் வந்தது.

ஒரு கதையைப் படித்து உலகம் மாறிவிடாது, வாசகர்களே! ஆனால் ஒருத்தியின் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாத நியாயத்தை, கதையில் வரும் இன்னொருத்தியைக் காட்டிச் சொல்ல முடிகிறது. கேட்க மறுத்த காதும் கதை என்றால் கேட்கிறது. இதைத்தான் நான் அன்று கற்றுக்கொண்டேன்.

இந்தச் 'சித்திரப்பாவை'க்குத்தான் 1975ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசு கிடைத்தது. இந்தியாவின் பெரும் இலக்கியப் பரிசான அதைப் பெற்ற முதல் தமிழ் எழுத்தாளர் அகிலன். அடுத்த தமிழராக ஜெயகாந்தன் 2002ஆம் ஆண்டுக்குரிய பரிசைப் பெறும்வரை அந்தப் பெருமை அவர் ஒருவருக்கே இருந்தது.

குறை சொன்னவர்களும் உண்டு

எல்லாரும் அதைப் பாராட்டினார்கள் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. எழுத்தாளர் சுந்தர ராமசாமி 1976இல் இந்தப் பரிசைக் கடுமையாக விமரிசித்து எழுதினார். அகிலனின் கதைகள் பத்திரிகை வாசகரை மகிழ்விக்க எழுதப்பட்டவை, ஆழமான இலக்கியம் ஆகமாட்டா என்று கருதுவோர் இன்றும் இருக்கின்றனர்.

அதில் நியாயமே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. அகிலனின் நல்லவர்கள் மிகவும் நல்லவர்கள். கெட்டவர்கள் மிகவும் கெட்டவர்கள். சில இடங்களில் பாத்திரத்தை நிறுத்தி வைத்துவிட்டு ஆசிரியரே பிரசங்கம் செய்வார். தொடர்கதையாக வாரந்தோறும் எழுதியதால், அடுத்த இதழை வாங்க வைக்கும் முடிச்சு ஒன்று அத்தியாயக் கடைசியில் விழும். இவை எல்லாம் உண்மை.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பகல் முழுதும் உழைத்துக் களைத்த ஒருவர், மங்கிய விளக்கில், நான்காம் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன படிப்பை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது, அவர் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல ஓர் எழுத்தாளர் வேண்டும். ஏணியின் மேற்படியில் நிற்பவர்களுக்குக் கீழ்ப்படி தேவையற்றதாகத் தோன்றலாம். ஏறத் தொடங்குபவனுக்கு அந்தப் படிதான் முக்கியம். எங்கள் அத்தை அகிலனில் தொடங்கி, பிறகு ஜெயகாந்தனுக்கும் வந்து சேர்ந்தார்.

திரைக்கு வந்தவை

புத்தகம் படிக்காதவர்களும் அகிலனைப் பார்த்திருப்பார்கள்! 1960இல் சிவாஜி நடித்த 'பாவை விளக்கு' அகிலனின் நாவல். 1963இல் வந்த 'குலமகள் ராதை', அவருடைய 'வாழ்வு எங்கே' என்னும் கதை. 1978இல் எம்.ஜி.ஆர். நடித்த 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்', அகிலனின் 'கயல்விழி'. திடலில் வெள்ளைத் துணி கட்டித் தோட்டத்தில் படம் காட்டிய காலத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கதையின் மூலம் ஒரு நாவல் என்று சொன்னால் வியப்படைவார்கள். படத்தைப் பார்த்தவர் புத்தகத்தையும் படித்தால், எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று யோசிப்பது நல்ல பொழுதுபோக்கு.

நம்மைப் பற்றிய புத்தகம்

இனி அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருவோம்.

அகிலன் 1970களில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். வந்த அனுபவத்தைப் பயண நூலாகவும் எழுதினார். ஆனால் மாலை மரியாதைகளை வாங்கிக்கொண்டு திரும்பியதோடு அவர் நின்றுவிடவில்லை. பால்மரத் தொழிலாளரின் வாழ்க்கையைப் பொருளாக வைத்து ஒரு நாவலே எழுதினார். அதுதான் 1977இல் வெளிவந்த 'பால்மரக் காட்டினிலே'.

அது எத்தகைய காலம் என்பதை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்றாலே வேலையும் போயிற்று, வீடும் போயிற்று என்று பொருள். அந்த ஆபத்தைத் தடுக்கத்தான் துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பல்லாயிரவர் மூட்டை முடிச்சோடு கப்பலேறினார்கள். ஒரே வீட்டில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் நம் கெமாஸ் வட்டாரத்திலும் உண்டு.

அந்த மக்களைக் கடல் கடந்து வந்து பார்த்து, "இவர்கள் கதையும் எழுதத் தகுந்த கதை" என்று நினைத்தாரே, அதற்காகவே அகிலனுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். சில நாள் விருந்தாளியாக வந்தவர் கண்ணுக்குப் படாதவை எத்தனையோ இருக்கும். அவற்றை எழுத வேண்டியவர்கள் நாம். கதவைத் திறந்து காட்டியவர்களுள் அவரும் ஒருவர்.

மறுநாளே அந்த மாணவியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "புத்தகம் எங்கே, டீச்சர்?" என்றாள். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பள்ளி நூலகத்தில் இல்லை. தெரிந்தவர் வீடுகளில் விசாரித்தேன். "இருந்துச்சு டீச்சர், லயத்தைக் காலி பண்ணி டவுனுக்கு வந்தப்ப பழைய பேப்பரோட போட்டுட்டோம்" என்றார்கள். ஒரு வீடு, இரண்டு வீடு அல்ல. போன இடமெல்லாம் இதே பதில்.

பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். லயங்கள் காலியாயின. நம் வாழ்க்கையைச் சொல்லும் புத்தகமும் பழைய பேப்பர்க்காரனிடம் போய்விட்டால், பிறகு எதைக் காட்டி அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்வது?

கடைசியில் அத்தை வீட்டு இரும்புப் பெட்டியில், கோயில் திருவிழா நோட்டீசுகளுக்கு அடியில் அது கிடைத்தது. அட்டை இல்லை. முதல் சில பக்கங்களும் இல்லை. கரப்பான் அரித்திருந்தது. இப்போது அது எங்கள் பள்ளியில் மைக்கா அட்டை போட்டுத் தைக்கப்பட்டு இருக்கிறது. கேள்வி கேட்ட மாணவி முதலில் கொண்டு போனாள். தான் படிப்பதற்கு முன்பே தன் பாட்டிக்குப் படித்துக் காட்டினாளாம். பாட்டி நடுவில் நிறுத்தி, "இது அப்படியில்ல, நாங்க வேற மாதிரி செய்வோம்" என்று திருத்தினாராம். அந்தத் திருத்தங்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.

எதிலிருந்து தொடங்கலாம்?

சிறு பிள்ளைகளுக்கு 'தங்க நகரம்', 'கண்ணான கண்ணன்' போன்ற சிறுவர் நூல்களைக் கொடுங்கள். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 'வேங்கையின் மைந்தன்'. பெண்கள் கூடிப் படிக்க 'சித்திரப்பாவை'. நாட்டு நடப்பில் அக்கறை உள்ளவர்களுக்கு 'எங்கே போகிறோம்?'. கதை எழுதிப் பார்க்க ஆசைப்படும் இளைஞர்களுக்கு 'கதைக் கலை'. குடும்பமே ஒன்றாக இருந்து படிக்க 'பால்மரக் காட்டினிலே'.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய பெட்டி இருந்தால், அதைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை அடிவரை கிளறிப் பாருங்கள். அகிலனோ, மு.வ.வோ, நம் நாட்டு எழுத்தாளரோ, யார் புத்தகமாக இருந்தாலும், அட்டை கிழிந்திருந்தாலும், அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியில் கொடுங்கள். தைத்துக்கொள்ள எங்களுக்குத் தெரியும்.

இப்போதைக்கு எங்களிடம் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. வரிசையில் பதினொரு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.